அறுவதற்கென்றே வைத்த வயர்

லைட் அணைந்துவிட்டது. வீரபாண்டியில் கந்தவேல் வீட்டில் அன்று விடிந்ததும் அதுதான் பேச்சு.

ஒரு வாரத்துக்கு மேலாக அவருடைய காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிரேக் பேட் தேய்ந்துவிட்டால் ஓட்டுகிறவருக்குச் சொல்லும் விளக்கு. வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒரு எக்ஸ்போர்ட்டரிடமிருந்து கைமாறி வந்த ஜெர்மன் கார். கதவு சாத்தாவிட்டால் ஒரு லைட், பெல்ட் போடாவிட்டால் ஒரு லைட் என்று எதற்கெடுத்தாலும் லைட் போடும். கந்தவேலுக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் இந்த லைட்டை அவர் பெருமைக்காக எரியவிட்டிருக்கவில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மகள் நித்யஸ்ரீ வீட்டில் சொல்லாமல், வேறு சாதிப் பையன் நிதிஷைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு கோத்தகிரிக்குப் போனாள். அன்றிலிருந்து கந்தவேல் அவள் பெயரை வாயில் எடுத்ததில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்து வரவேண்டும், பிரசவம் தாய்வீட்டில். அதுதான் முறை. மனைவி மருதம்மாளின் அண்ணன்மார் போன ஞாயிற்றுக்கிழமை வந்து இதைப் பேசியபோது கந்தவேல் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"மலை ஏறி எறங்கற வண்டிங்க. லைட்டு எரியுது. லைட்டு அணையட்டும், போயிட்டு வரட்டும்" என்றார்.

ஒர்க்‌ஷாப்பில் முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து, பேட் தடிமனாகத்தான் இருக்கிறது என்றார்கள். சென்சாரில் கோளாறாக இருக்கும், கோயமுத்தூரில் சொல்லி வரவழைக்க வேண்டும் என்றார்கள். கந்தவேல் சொல்லவும் இல்லை, வரவழைக்கவும் இல்லை. லைட் எரிகிறவரைக்கும் மகள் வரமாட்டாள். கணக்கு அவ்வளவுதான்.

அந்த லைட்தான் இப்போது அணைந்திருந்தது.

சாவியைத் திருகுவதும் நிறுத்துவதுமாகக் கந்தவேல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஆரு கை வெச்சது?"

"ஆரும் வெக்கலீங்க. முருகன் வெச்சிருப்பான்" என்றாள் மருதம்மாள். அவள் ஏற்கெனவே குளித்து, பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

மச்சான்மார் முன்னால் சொன்ன வார்த்தை. திருப்பி வாங்க முடியாது. கந்தவேல் காரை விட்டு இறங்கி, சோறு வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு அருள்புரத்தில் இருக்கும், பனியன் துணி பின்னும் தன் நிட்டிங் யூனிட்டுக்குப் போய்விட்டார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றாரா பாரு" என்றாள் மருதம்மாள், மருமகள் சித்ராதேவியிடம். சொல்லிக்கொண்டே புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் கட்டினாள். சாப்பிடுவதும் பரிமாறுவதும் வலது கைதான். முடிச்சு என்று வந்துவிட்டால் அவளுக்கு இடது கைதான் முந்தும்.

"நொட்டாங்கை முடிச்சு ஆகாதுன்னு எங்கம்மா வெரல்லயே போடுவா கண்ணு. கை கேட்டாத்தான?"

சித்ராதேவி சிரித்தாள். ஆனால் அவள் மனம் முடிச்சில் இல்லை, லைட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். துணியில் விழுந்த ஓட்டை தானாக மூடிக்கொண்டதை அவள் பார்த்ததே இல்லை. ஒன்று யாராவது தைத்திருப்பார்கள், இல்லை மடித்து உள்ளே மறைத்திருப்பார்கள்.

காரை ஓட்டப்போவது அவள்தான்.

பல்லடம் ரோட்டுக்கு ஏறியதும் நித்யஸ்ரீ போன் செய்தாள். "கெளம்பிட்டோம் கண்ணு. ஒங்கண்ணனை யூனிட்டுல ஏத்திக்கிட்டு வந்தர்றோம். நீ நடக்காத, கம்முனு உக்காந்திரு" என்று சொல்லிவிட்டு, மருதம்மாள் போனைக் காரிலேயே சார்ஜில் செருகினாள். அவள் முகம் கல்யாணப்பெண் முகம்போல இருந்தது.

முன்னால் போன கம்பெனி வேன் ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. சித்ராதேவி பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. நிற்கும்போது பின்னாலிருந்து, தகரத்தைக் கல்லில் இழுத்ததுபோல ஒரு சத்தம்.

"அத்தை, கேட்டுச்சுங்களா?"

"என்ன கண்ணு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

கேட்காதவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள். மருதம்மாள் கேள்வி முடிவதற்குள் சொன்னாள்.

அடுத்த வேகத்தடையில் சித்ராதேவி வேண்டுமென்றே மறுபடி மிதித்தாள். மறுபடி அதே சத்தம். டேஷ்போர்டில் ஒரு லைட்டும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கார் சொன்னது.

யூனிட்டில் மெஷின்கள் வட்டம் வட்டமாகத் துணியைப் பின்னி இறக்கிக்கொண்டிருந்தன. சித்ராதேவி உள்ளே போனபோது ஒரு மெஷினில் நூல் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தது, மெஷின் நின்றது. ஒரிசாக்காரர் ஒருவர் வந்து அறுந்த முனைகளைப் பிடித்து முடிச்சுப் போட்டார். விளக்கு அணைந்தது, மெஷின் ஓடியது. இங்கே நாளெல்லாம் நடக்கிற வேலை.

கணவன் இளங்குமரன் வேட்டி கட்டித் தயாராக இருந்தான்.

"ஏனுங்க, வண்டியச் சித்தெ பாருங்க. பின்னாடி உரசுது."

"லைட்டுதான் அணைஞ்சிருச்சாமே. பொறகென்ன?"

"அதாங்க எனக்குப் பயம். ஆரும் தொடாம எப்படி அணையும்?"

"செக்கிங் புத்தி உன்னைய உடவே உடாது" என்று முனகினாலும், பிளக்கைப் பார்க்காமல் மெஷினைத் திட்டுகிற ஆள் இல்லை இளங்குமரன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

முதலில் சாவியைத் திருகினான். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைந்தன. அந்த மஞ்சளும் எரிந்து அணைந்தது. "பல்பு போகல" என்றான். முன் இடது சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு சென்சார் பிளக்கை உருவினான். லைட் எரிந்தது. செருகினான். அணைந்தது. "முன்னாடி வயரு சுத்தமா இருக்குது. இந்த வண்டிக்கு ரெண்டே எடத்துலதான் சென்சாரு. முன்னாடி இடது, பின்னாடி வலது. ஒர்க்‌ஷாப்புல பின்னாடி கழட்டிப் பாத்தாங்களா?"

"முன்னாடி மட்டுந்தான்னு மாமா சொன்னாருங்க."

"சக்கரத்தைக் கழட்டோணும்."

"நேரமாகுதுடா" என்றாள் மருதம்மாள். "உச்சிக்குள்ள கட்டுச்சோறு போய்ச் சேரோணும். வந்து கழட்டிக்கலாமே."

"வர்றதுக்குத்தாம்மா கழட்டறேன்."

ஜாக்கி வைத்து, பின் வலது சக்கரத்தை உருவினான். குனிந்து பார்த்தான். சித்ராதேவியும் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தாள்.

பேட் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க் முழுக்க உழுத கொல்லைபோலக் கோடு கோடாய் இருந்தது. சென்சார் வயர் பேடுக்குள் போகவில்லை. பாதியிலேயே முடிந்து, கறுப்பு டேப் சுற்றி, மேலே வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"பாரு சித்ரா. இந்த வயரு பேடுக்குள்ள போயி வளையமாத் திரும்பி வரும். பேடு தேய்ஞ்சா டிஸ்க்கு உரசி வயர அறுத்துரும். அறுந்தா லைட்டு. ஆரோ அறுந்த ரெண்டு முனையையும் முறுக்கி உட்டிருக்காங்க. வளையம் கூடிருச்சு. லைட்டு என்ன பண்ணும்? பேடு நல்லாருக்குதுன்னு நெனச்சுக்கும்."

எழுந்தான். ஸ்பேனரைத் தரையில் வீசினான்.

"நூல் போட்டுக் கட்டியிருக்குது. நம்ம யூனிட்டு வேலையேதான். அப்பா!"

கந்தவேல் ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். மெஷின் ஓட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் கதவோரம் வந்து நின்றார்கள்.

"என்னடா சத்தம்?"

"புள்ள வரக்கூடாதுன்னா வரக்கூடாதுன்னு சொல்லுங்க. இதென்னங்க வேலை? மாமனுக முன்னால வார்த்தை தப்பக் கூடாதுன்னு வயர முறுக்கி உட்டு அனுப்பிச்சிருக்கீங்களா? என்ற பொண்டாட்டி ஓட்டற வண்டிங்க இது! கோத்தகிரி எறக்கம் உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கந்தவேல் சக்கரத்தருகே வந்தார். உட்கார்ந்தார். தகட்டைத் தொட்டுப் பார்த்தார். டிஸ்க்கில் விரலை ஓட்டினார். பிறகு வயரைக் கையில் எடுத்து நூல் முடிச்சைப் பார்த்தார்.

யூனிட்டில் யார் போட்ட முடிச்சு எது என்று பழகியவர்களுக்குப் பார்த்தாலே தெரியும். கந்தவேல் முடிச்சில் நூலின் வால் வலப்பக்கம் சாயும். இளங்குமரன் முடிச்சும் அப்படித்தான், அப்பனிடம் கற்றது. இந்த முடிச்சில் வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

சித்ராதேவி அதைப் பார்த்தாள். மாமனார் அதைப் பார்த்ததையும் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கி மருதம்மாளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் சித்ராதேவிக்கு உறைத்தது.

"ஆமா" என்றார் கந்தவேல். "நாந்தான்."

சண்டைக்குத் தயாராக வந்த இளங்குமரனுக்கு எதிராளி இல்லாமல் போய்விட்டது.

"பொய் சொல்லாதீங்க" என்றாள் மருதம்மாள்.

அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டுச்சேலை முந்தானை தரையில் கிடந்தது.

"நாந்தாண்டா முடிஞ்சேன். நேத்துச் சாயங்காலம் வண்டியக் கழுவி, சக்கரத்துக்குப் பொட்டு வெக்கலாமுன்னு உக்காந்தேன். வயரு அறுந்து தொங்குச்சு. நூல் அறுந்தா லைட்டு எரியும், முடிஞ்சா அணையும். இந்த மெசினு வந்த நாள்ல இருந்து ஆளில்லாத ஷிப்டுக்கெல்லாம் நான் நின்னு அதத்தான பண்ணுனேன்? அறுந்துச்சு, முடிஞ்சேன். அணைஞ்சுது."

"அம்மா, நூல் அறுந்தா அது தப்பு. இந்த வயரு அப்படியில்ல. அறுகறதுக்குன்னே வெச்சிருக்கான். அது அறுந்தாத்தான் நமக்கு உசுரு."

"எனக்கு அது தெரியலடா" என்றாள். "தெரிஞ்சிருந்தாலும்..."

அந்தப் பாதி வாக்கியம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தது சித்ராதேவி. கோபம் வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கந்தவேல் எழுந்தார்.

"கிறுக்குப் புடிச்சவளே. போகையிலாவது ஏத்தம். எறங்கையில? வளைவுல மிதிச்சு நிக்காமப் போயிருந்தா? எறங்கையில அவளும் இதுக்குள்ளதான உக்காந்திருப்பா? வயித்துப் புள்ளையோட?"

அவள் என்றுதான் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மருதம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்திருப்பா. அவ நெனப்பு இப்பத்தான் வருதுங்களா? வரக்கூடாதுன்னு உங்க வாயில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அழுதுட்டுக் கெடந்திருப்பேன். அத நீங்க சொல்லல. எங்கண்ணனுக முன்னால கெட்ட பேரு வேண்டாம், ஊருக்கு முன்னால நல்ல அப்பன். லைட்டு மேல பழியப் போட்டீங்க. நான் லைட்ட அணைச்சுப் போட்டேன்."

கதவோரம் நின்றவர்கள் மெதுவாக மெஷின் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். பாஷை புரியாதவர்களுக்கும் புரிந்திருந்தது.

"கோயமுத்தூருக்கு ஆள் அனுப்பி பேடு, சென்சாரு, டிஸ்க்கு எல்லாம் வாங்கி மாட்டறதுக்குச் சாயங்காலம் ஆயிரும்" என்றான் இளங்குமரன், யாரையும் பார்க்காமல். "இன்னிக்கு வண்டி நகராது."

மருதம்மாள் கார் சீட்டில் இருந்த கட்டுச்சோற்று மூட்டைகளைப் பார்த்தாள். வளையல் தட்டைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று சித்ராதேவிக்குத் தோன்றியது.

வாசலில் வேப்பமரத்தடியில் யூனிட்டின் வேன் நின்றது. காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வரை சும்மா நிற்கிற வண்டி.

"மாமா" என்றாள் சித்ராதேவி. "வேன் சும்மாத்தானுங்க நிக்குது."

"சீர் கொண்டு போறவிய ஆள் ஏத்தற வேன்லயா போவாங்க? சம்பந்தி ஊட்டுக்காரன் என்ன நெனைப்பான்?"

சொன்னபிறகுதான் அவருக்கே கேட்டது. சம்பந்தி என்று சொல்லியிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்ராதேவி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"இனி அந்த லைட்டு எரிஞ்சாலும் ஒண்ணுதான், அணைஞ்சாலும் ஒண்ணுதானுங்க மாமா. காரே இல்ல. போலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும். அத்தைக்குச் சொல்லுங்க."

இளங்குமரன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

கந்தவேல் வேனை நோக்கி நடந்தார். டிரைவர் மதுரைப்பக்கத்து ஆள், உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தார். முதலாளியைக் கண்டதும் குதித்து இறங்கினார்.

"பிரேக்கு எப்படிய்யா இருக்குது?"

"நல்லா இருக்குண்ணே. போன வாரந்தேன் நாலு வீலும் கழட்டிப் பேடு, கட்டை எல்லாம் மாத்துனோம். இதுல லைட்டு கிட்டு ஒண்ணும் கெடையாது. மிதிச்சா நிக்கும்."

கந்தவேல் நம்பவில்லை. தரையில் கையூன்றிக் குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமாகவும் பார்த்தார். வேட்டியில் கிரீஸ் பட்டது. நான்காவது சக்கரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தவர், அங்கிருந்தே, மருதம்மாளைப் பார்க்காமல், டிரைவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"ஏறையில எப்படி வேணாலும் போ. எறங்கையில ரெண்டாவது கியருக்கு மேல போடக்கூடாது. வளைவுக்கு வளைவு ஆரன் அடி. புள்ளத்தாச்சி இருப்பா."

டிரைவர் தலையாட்டினார். மருதம்மாள் அசையவில்லை. அது போதாது என்பதுபோல நின்றாள்.

கந்தவேல் திரும்பினார். முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"கூட்டிட்டு வாங்க" என்றார்.

போயிட்டு வாங்க என்பதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். மருதம்மாள் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கார் கதவைத் திறந்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்தாள். இளங்குமரன் வளையல் தட்டைத் தூக்கினான். வேனுக்குள் பிய்ந்த சீட்டில் சித்ராதேவி பெட்ஷீட் விரித்தாள். பனியன் துணிப் பஞ்சு எல்லாவற்றிலும் ஒட்டியது.

வேன் கிளம்பும்போது கந்தவேல், கழற்றிய சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த நூல் முடிச்சை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க மாமா அதப் பிரிக்கறீங்க? புதுசா மாட்டிக்கலாமுங்களே" என்றாள் சித்ராதேவி ஜன்னல் வழியாக.

"எரியட்டும் அம்மிணி" என்றார். "அதுக்குத்தான வெச்சிருக்கான்."

வேன் அவிநாசி தாண்டியது. மருதம்மாள் கட்டுச்சோற்று மூட்டையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சொன்னாள்.

"உன்னைய ஓட்ட உட்டுட்டேனே கண்ணு."

பரவாயில்லை என்று சொல்ல சித்ராதேவிக்கு வரவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் சாத்தி, காற்று அத்தை முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டாள். இன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான்.

அன்னூர் நெருங்கும்போது மருதம்மாள் இடுப்பைத் தடவினாள், பையைத் துழாவினாள்.

"போனைக் காணோம். ஐயோ, வண்டியிலயே சார்ஜுல கெடக்குது. புள்ள எங்க இருக்கீங்கன்னு கூப்புட்டுட்டே இருப்பா. நீ அடிச்சு, வேன்ல வர்றோமுன்னு சொல்லு கண்ணு."

சித்ராதேவி நித்யஸ்ரீயின் எண்ணைப் போட்டாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று குரல் வந்தது.

கொஞ்சம் யோசித்துவிட்டு, மருதம்மாளின் எண்ணைப் போட்டாள். கார் கதவருகே சார்ஜில் கிடக்கும் போன். பக்கத்தில் ஒரே ஓர் ஆள் தரையில் உட்கார்ந்திருக்கும் இடம்.

அதே குரல். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.

"என்னன்னு சொல்லுது கண்ணு?"

சித்ராதேவி சொன்னாள். இரண்டு எண்ணுக்கும் ஒரே பதில் என்று சொன்னாள்.

மருதம்மாள் முந்தானை நுனியை எடுத்து இடது கையால் ஒரு முடிச்சுப் போட்டாள். பிரித்தாள். மறுபடி போட்டாள்.

"திட்டறாரா என்னன்னு தெரியலையே" என்றாள். "இன்னொருக்கா அடி."

அடித்தாள். மேட்டுப்பாளையம் வந்துவிட்டது, மலை எதிரே எழுந்து நின்றது. இரண்டு போன்களும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தன.